இடுப்பு மூட்டு மாற்றியபின் தொடை இடுக்கில் தீராத வலி. எக்ஸ்ரே சரியாக இருக்கிறதாம். இனி என்ன செய்வது?

உட்லண்ட்ஸ் வேணி எழுதியது:

வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. போன ஆண்டு வலது இடுப்பு மூட்டை மாற்றினோம். தேய்மானம் முற்றிப்போய் ராத்திரி தூங்கவிடாத வலி இருந்தது. அறுவைக்குப் பிறகு அது அறவே போய்விட்டது, அதில் எங்களுக்குக் குறையே இல்லை. ஆனால் சில மாதம் கழித்து, நடை நன்றாக வந்த பிறகு, வேறொரு வலி தொடங்கியது. முன்பக்கம், அடிவயிறும் தொடையும் சேரும் மடிப்பில்.

சமதரையில் நடந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. தேக்கா சந்தையை ஒரு சுற்று சுற்றி மீன், காய்கறி எல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். காலைத் தூக்கும்போதுதான் குத்துகிறது. டாக்சியில் உட்கார்ந்த பிறகு வலது காலை உள்ளே எடுத்து வைக்க முடியவில்லை. முழங்காலுக்கு மேலே இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி வைக்கிறார். கட்டிலில் படுக்கப் போகும்போதும் அப்படித்தான். எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக் கழிவறை வாசலில் உள்ள சின்னப் படியைத் தாண்டும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்கிறார்.

மறுபரிசோதனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மூட்டு நன்றாகப் பொருந்தியிருக்கிறது, கொஞ்ச நாள் போகட்டும் என்றார்கள். அடுத்த முறையும் அதே பதில். அம்மா இப்போது “வயசாயிடுச்சு, இப்படித்தான் இருக்கும்” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சிறு துளை போட்டுத் தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நார்) தளர்த்திவிடும் சிகிச்சை இருப்பதாக அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். யாருக்காவது அந்த அனுபவம் உண்டா?


செம்பவாங் ராஜன் எழுதியது:

தங்கச்சி, என் அக்காவுக்கும் இடுப்பில்தான் வலி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் கீழ் முதுகில் நரம்பு அழுத்தம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், நன்றாக எண்ணெய் போட்டு நீவி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மாவை ஒருமுறை கூட்டிப்போய்ப் பாருங்களேன். கத்தி வைக்கும் முன் அதையும் முயற்சி செய்யலாம் அல்லவா?


பிசியோ கவிதா எழுதியது:

ராஜன் அண்ணா, முதுகைப் பற்றி நீங்கள் சொன்னது சரியான யோசனை. ஆனால் நீவி விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். தொடை இடுக்கில் காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் அதிக ஆழமில்லாமல் ஓடுகின்றன. தவிர, செயற்கை மூட்டு உள்ள காலை விவரம் தெரியாதவர் மடக்கி முறுக்கினால் மூட்டு நழுவிவிடலாம்.

வேணி, நான் இயன்முறை மருத்துவராக வேலை செய்கிறேன். அம்மாவைப் பார்க்காமல் இதுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் முக்கியமானது. நடந்தால் வலி இல்லை, காலைத் தூக்கினால் வலி. கையால் தூக்கி வைத்தால் வலி இல்லை. அப்படியானால் தொடையைத் தூக்கும் தசை வேலை செய்யும்போதுதான் வலிக்கிறது.

அந்தத் தசையின் பெயர் இலியோசோவாஸ். கீழ் முதுகெலும்பிலிருந்தும் இடுப்பெலும்பின் உட்புறத்திலிருந்தும் இறங்கி வந்து, இடுப்பு மூட்டுக்கு நேர் முன்னால் வளைந்து, தொடை எலும்பின் உட்பக்கத்தில் உள்ள சிறு மேட்டில் ஒட்டிக்கொள்கிறது. வளையும் இடத்தில் அது தசையும் தசைநாணுமாக இருக்கும். இயற்கையான மூட்டில் அங்கே வழவழப்பான எலும்பும் ஒரு நீர்ப்பையும் இருப்பதால் உரசல் கிடையாது. மூட்டு மாற்றும்போது இடுப்பெலும்பில் ஓர் உலோகக் கிண்ணத்தைப் பதிக்கிறார்கள். கிண்ணத்தின் முன் விளிம்பு எலும்பைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் வெளியே நீண்டிருந்தால், கிணற்றுச் சுவர் விளிம்பில் கயிறு தேய்வதுபோல ஒவ்வோர் அடிக்கும் தசைநாண் அதன்மேல் தேயும். கிண்ணம் போதுமான அளவு முன்னோக்கித் திரும்பாமல் பதிந்திருந்தாலும், எலும்பின் அளவுக்குக் கொஞ்சம் பெரியதாகப் போட்டிருந்தாலும் இது நடக்கும். வெளியே வந்த திருகாணி முனை, வழிந்து இறுகிய எலும்புச் சிமெண்டு, கால் நீளம் கூடிப்போவது ஆகியவையும் காரணமாகலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. உடல்வாகு சிறியது என்பதும் ஒரு காரணம்.

எக்ஸ்ரே “சரி” என்பதும் பொய்யில்லை. நேர் முன்னாலிருந்து எடுக்கும் படத்தில் கிண்ணம் எலும்பில் பிடித்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று தெரியும். முன் விளிம்பு எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது அதில் தெரியாது. பக்கவாட்டில் எடுக்கும் தனி எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ வேண்டும். அதைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள்.


தோ பாயோ மணிமாறன் எழுதியது:

கவிதா எழுதியதை அப்படியே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள் வேணி. என் மனைவி விஷயத்தில் இதை யாராவது எங்களுக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். விவரமாகப் பிறகு எழுதுகிறேன், இப்போது வேலையில் இருக்கிறேன்.


ஜூரோங் சேகர் எழுதியது:

நான் அந்தச் சிகிச்சை செய்துகொண்டவன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்குத் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று, அது நொறுங்கிப்போய், ஐம்பதுகளிலேயே இடது மூட்டை மாற்ற வேண்டியதாயிற்று. அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக வேணியின் அம்மாவுக்கு இருக்கும் அதே வலி. கிடங்கில் வேலை. ஏணியில் இடது காலை வைத்தால் உயிர் போகும். இங்கேயும் எக்ஸ்ரே சரி என்றார்கள். வலி மாத்திரை, பிறகு இயன்முறைச் சிகிச்சை. மாத்திரை விழுங்கும்வரை கொஞ்சம் பரவாயில்லை, நிறுத்தினால் பழையபடி.

பிறகு வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் படத்தைப் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து முழங்காலைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். தொடைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு “இப்போது தூக்குங்கள்” என்றார். அந்த ஒரு விநாடியில் எனக்கு வந்த வலி அவருக்கு என் முகத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் படங்கள். பக்கவாட்டு எக்ஸ்ரே, சிடி. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் பார்த்தார். செயற்கை மூட்டில் கிருமித்தொற்று மெதுவாக ஊறிக்கொண்டிருந்தாலும் இதே இடத்தில் வலிக்குமாம். அது இல்லை என்று உறுதிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது என்றார். குடலிறக்கம் இருக்கிறதா என்றும் தொட்டுப் பார்த்தார்.

கிண்ணம் நன்றாகவே பொருந்தியிருந்தது. முன்னால் சில மில்லிமீட்டர்தான் நீட்சி.

அடுத்தது ஊசி. அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்துக்கொண்டே ஊசி முனையைத் தசைநாணுக்கு அருகே கொண்டுபோய், மரத்துப்போகும் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்து போட்டார்கள். கால் மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, “போய்ப் படிக்கட்டு ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார்கள். மருத்துவமனையின் அவசரகாலப் படிக்கட்டில் இரண்டு மாடி ஏறினேன். கைப்பிடியைத் தொடவில்லை. மேலே நின்று கண் கலங்கிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். அதுவரை இந்த வலி எங்கிருந்து வருகிறது என்று யாருமே உறுதியாகச் சொன்னதில்லை.

சர்க்கரை நோயாளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டீராய்டு போட்ட பிறகு சில நாள்கள் எனக்குச் சர்க்கரை (இங்கே அளக்கும் mmol/L கணக்கில்) 15ஐத் தாண்டியது. வழக்கமாக 7, 8தான். முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மாத்திரை அளவைப் பேசிக்கொள்ளுங்கள்.

ஊசியின் பலன் சில வாரங்களில் போய்விட்டது. அதன்பிறகுதான் துளை அறுவை. மீதியை இரவு எழுதுகிறேன்.


செம்பவாங் ராஜன் எழுதியது:

சேகர், நல்லபடியாக ஆனதில் மகிழ்ச்சி. ஆனால் ஒரு கேள்வி. அறுவை செய்த மருத்துவரே சரி என்று சொன்ன பிறகு இன்னொருவரிடம் போவது அவரை அவமதிப்பதாகாதா? நாளைக்கு ஏதாவது என்றால் அவரிடம்தானே போக வேண்டும்?


ஜூரோங் சேகர் எழுதியது:

எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது அண்ணே. ஆனால் நான் மறைத்துப் போகவில்லை. முதல் மருத்துவரிடமே கேட்டேன், பரிந்துரைக் கடிதமும் கொடுத்தார். இரண்டாவது கருத்து கேட்பது இங்கே சாதாரண நடைமுறை. போகும்போது அறுவைக் குறிப்பின் நகல், பொருத்திய மூட்டின் வகையும் அளவும் உள்ள விவரம், பழைய படங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கிண்ணத்தின் அளவு என்ன என்பதுதான் புதிய மருத்துவர் கேட்ட முதல் கேள்வி.


தோ பாயோ மணிமாறன் எழுதியது:

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவிக்கும் இதே வலி, இதே துளை அறுவை. சேகருக்குக் கிடைத்த பலன் அவளுக்குக் கிடைக்கவில்லை. சிடி எடுக்காமலே, ஊசியும் போட்டுப் பார்க்காமலே, அறிகுறியை மட்டும் வைத்துத் தசைநாணைத் தளர்த்தினார்கள். எந்த இடம் என்று எழுதப்போவதில்லை, அது இங்கே தேவையும் இல்லை. முதல் மாதம் வலி குறைந்ததுபோல் இருந்தது. பிறகு திரும்பிவிட்டது, கூடவே கால் பலவீனமும். வேறோர் இடத்தில் சிடி எடுத்துப் பார்த்தால் கிண்ணத்தின் முன் விளிம்பு 11 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. அவ்வளவு பெரிய உலோக விளிம்பு அங்கேயே இருக்கும்போது தசைநாணை மட்டும் வெட்டி என்ன பயன்? கடைசியில் கிண்ணத்தையே எடுத்துவிட்டு, திசை திருத்தி வேறொன்றைப் பதித்தார்கள். பெரிய அறுவை. மீண்டும் முதலிலிருந்து நடை பழகினாள். இப்போது நன்றாக இருக்கிறாள், வலி போய்விட்டது. ஆனால் அந்த இடைப்பட்ட காலத்தில் அவள் பட்ட பாட்டுக்குத் தேவையே இருந்திருக்காது.

சிறு துளை என்பதால் செய்து பார்த்துவிடலாமே என்று எளிதாகத் தோன்றும். துளை சிறியதுதான், வெட்டுவது நம்முடைய தசைநாணை. வெட்டியதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. அளந்து பார்க்காமல் யாரும் சம்மதிக்காதீர்கள்.


பிசியோ கவிதா எழுதியது:

மணிமாறன் அண்ணா, அக்கா பட்டதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எழுதியதற்கு நன்றி.

விளிம்பை அளந்து பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் முன் விளிம்பு நீட்சி 8 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தவர்களுக்குத் தசைநாணைத் தளர்த்துவதே நல்ல பலன் தந்தது. 8 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் கிண்ணத்தை மாற்றியவர்களுக்குத்தான் வலி நன்றாகத் தீர்ந்தது, தசைநாணை மட்டும் தளர்த்தியவர்களில் பலருக்குத் தீரவில்லை. சிறிய ஆய்வுதான், 8 என்பது கல்லில் பொறித்த கோடு அல்ல. ஆனால் மருத்துவர்கள் முடிவெடுக்கும்போது இன்று அதைப் பார்க்கிறார்கள். அதே ஆய்வில் அறுவை செய்துகொள்ளாதவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வலி தீர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதனால் முதலில் சில மாதம் ஒழுங்கான உடற்பயிற்சி. தொடை முன்பக்கத் தசையை மெதுவாக நீட்டுவது, புட்டத் தசையையும் வயிற்றுத் தசையையும் வலுவாக்குவது, தாழ்வான நாற்காலியையும் திரும்பத் திரும்பப் படியேறுவதையும் கொஞ்ச நாள் தவிர்ப்பது. நீட்டும் பயிற்சியை யூடியூப் பார்த்துச் செய்ய வேண்டாம். முன்பக்க வழியாக மூட்டு மாற்றியவர்களுக்குக் காலைப் பின்னால் அதிகம் இழுத்தால் மூட்டு நழுவும் அபாயம் உண்டு. எந்த வழியாக அறுவை நடந்தது என்று தெரிந்துகொண்டு ஒருவர் நேரில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.


பிடோக் ஜமீலா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எனக்கும் இடுப்பு மாற்றியாகிவிட்டது. ஆனால் வலி முன்னால் இல்லை, பக்கவாட்டில். தொடை எலும்பு வெளியே துருத்தும் இடத்தில் கை வைத்தாலே வலிக்கிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. தொழுகை நாற்காலியில்தான், எழுந்து நிற்கும்போது முதல் சில அடி நொண்டுகிறேன். அல்ட்ராசவுண்ட் அதிர்வு ஊசியால் கெட்டுப்போன தசைநாணைச் சுத்தம் செய்கிறார்கள் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். இதுவும் வேணி கேட்பதும் ஒன்றா?


பிசியோ கவிதா எழுதியது:

வ அலைக்கும் அஸ்ஸலாம் ஜமீலா அக்கா. இரண்டும் வேறு வேறு.

உங்களுக்கு இருப்பது புட்டத் தசைகளின் தசைநாண் வலியாக இருக்கலாம். அவை தொடை எலும்பின் வெளிப்பக்க மேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் பிடிப்பது அவைதான். அறுவையின்போது அவற்றை ஒதுக்கியோ பிரித்தோ போயிருந்தால் பிறகு பலவீனமும் வலியும் வரலாம். கிழிந்திருந்தால் நொண்டல் வரும். அதனால் உங்களுக்கு முதலில் தேவை, கிழிசல் இருக்கிறதா என்று பார்க்கும் அல்ட்ராசவுண்ட், அல்லது உலோகத்தின் நிழலைக் குறைத்துக் காட்டும் வகை எம்ஆர்ஐ.

நீங்கள் சொன்ன அதிர்வு ஊசியில், மரத்துப்போகும் மருந்து மட்டும் கொடுத்து, மிகச் சிறிய கீறல் வழியாக உட்குழிவான ஊசி போன்ற கருவியை விடுவார்கள். அதன் முனை அதிர்ந்து, கெட்டுப்போன திசுவை உடைத்து உறிஞ்சி எடுக்கும். நல்ல இழைகள் பெரும்பாலும் தப்பிவிடும். இதன் ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று நம் ஊரில்தான் நடந்தது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை மருத்துவர்கள் முழங்கை வலி தீராத 20 பேருக்குச் செய்து, நல்ல பலன் என்று 2013இல் வெளியிட்டார்கள். ஆனால் அது முழங்கை. செயற்கை மூட்டு உள்ள இடுப்புக்கு அதே அளவு ஆதாரம் இருக்கிறது என்று விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டாம். வேணி கேட்ட சிகிச்சையோ தசைநாணைச் சுத்தம் செய்வது அல்ல, அதன் இறுக்கத்தை வெட்டித் தளர்த்துவது.

பக்கவாட்டு வலிக்குப் பயிற்சியை நான் அழுத்திச் சொல்வேன். ஆஸ்திரேலியாவில் 204 பேரை வைத்துச் செய்து 2018இல் வந்த ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களைவிட, சரியான அறிவுரையும் பயிற்சியும் பெற்றவர்கள் இரண்டே மாதத்தில் அதிகம் தேறினார்கள். அது மூட்டு மாற்றாத இடுப்புகள்தான், இருந்தாலும் தசைநாண் அதே தசைநாண். இன்றிரவே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே தலையணை வையுங்கள். ஒரே காலில் சாய்ந்து நிற்பது, கால்மேல் கால் போடுவது இரண்டையும் விடுங்கள்.


பிடோக் ஜமீலா எழுதியது:

பேருந்துக்கு நிற்கும்போது எப்போதும் அந்தக் காலில்தான் சாய்ந்து நிற்பேன்! யாரும் இதைச் சொன்னதே இல்லை. ரொம்ப நன்றிம்மா.


ஜூரோங் சேகர் எழுதியது:

மீதிக் கதை.

எனக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். இரண்டு துளைகள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒன்றில் கேமரா, இன்னொன்றில் கருவி. இந்தத் தசைநாணை இரண்டு இடங்களில் தளர்த்தலாம் என்று மருத்துவர் விளக்கினார். மூட்டு வழியாகப் போனால் கிண்ணத்தின் விளிம்பை நேரில் பார்க்கலாம், சந்தேகம் இருந்தால் திசு எடுத்துச் சோதிக்கலாம். ஆனால் செயற்கை மூட்டுக்குள்ளேயே நுழைய வேண்டும், கிண்ணத்துக்குள் சுழலும் செயற்கைப் பந்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே, தொடை எலும்பில் ஒட்டும் இடத்தில் செய்தால் மூட்டைத் தொடவே வேண்டியதில்லை. எனக்குக் கீழேதான் செய்தார்.

“தசைநாணை வெட்டிவிட்டால் காலை எப்படித் தூக்குவேன்?” என்று கேட்டேன். தசைநாண் பகுதியைத்தான் வெட்டுகிறோம், எலும்போடு நேராக ஒட்டியிருக்கும் சதை அப்படியே இருக்கும், தொடையைத் தூக்க வேறு தசைகளும் துணைக்கு உண்டு என்றார். ஆபத்துகளையும் சொன்னார்: உள்ளே ரத்தக்கட்டு, நரம்பில் அடி, தேவையில்லாத இடத்தில் எலும்பு வளர்வது, மூட்டு நழுவுவது, வலி திரும்பி வருவது. எல்லாம் அரிது, ஆனால் உண்டு.

மறுநாள் வீட்டுக்கு வந்தேன். முதல் வாரத்தை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்லாவிட்டால் பயந்துவிடுவீர்கள். உட்கார்ந்தபடி தொடையைத் தூக்கப் பார்த்தேன், அசையவே இல்லை. வலி இல்லை, ஆனால் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. இது எதிர்பார்த்ததுதான் என்று இயன்முறை மருத்துவர் சொன்னார். ஊன்றுகோலோடு நடக்க விட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மூன்று மாதத்துக்குள் படியேறினேன். இன்றைக்கும் காலுறை போட முழங்காலை மார்பு பக்கம் கொண்டுவரும்போது இடது கால் கொஞ்சம் பலம் குறைவுதான். அது போகுமா தெரியாது, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. இந்தத் தைப்பூசத்தில் அக்கா மகன் காவடி எடுத்தான். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் கூடவே நடந்து போனேன்.


ஈசூன் அருள் எழுதியது:

செலவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. வேணி, பலதுறை மருந்தகத்திலிருந்தோ (அரசாங்க பாலிகிளினிக்) சாஸ் மானியத் திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகத்திலிருந்தோ பரிந்துரை வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனை சிறப்பு மருத்துவரிடம் போனால் மானியக் கட்டணம். அம்மா 1950களில் பிறந்தவர் என்றால் மெர்டேக்கா தலைமுறை அட்டை இருக்கும், மானியக் கட்டணத்திலும் 25 விழுக்காடு கழிவு உண்டு. தனியார் மருத்துவராகத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும்.

அறுவைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பது சுகாதார அமைச்சின் அறுவைச் சிகிச்சைப் பட்டியலில் அது எந்த வகையில் வருகிறது என்பதைப் பொறுத்தது. 1ஏ முதல் 7சி வரை போகும். உங்களுக்குச் சொல்லியிருக்கும் அறுவைக்கு என்ன குறியீடு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படைக் காப்புறுதி, அதற்குமேல் தனியார் காப்புறுதி இருந்தால் அதுவும், எவ்வளவு தரும் என்று நாள் குறிக்கும் முன்பே நிதி ஆலோசனைப் பிரிவில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம்.

கழிவறைப் படிக்கு வீவகவின் ஈஸ் திட்டம் இருக்கிறது. கைப்பிடியும் சிறு சரிவுப்பலகையும் வைத்துத் தருவார்கள், செலவில் பெரும்பகுதி அரசாங்கத்துடையது. சிகிச்சை எதுவானாலும் அதற்கு இன்றே விண்ணப்பம் போடுங்கள்.


செம்பவாங் ராஜன் எழுதியது:

எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் உலோகத்தின்மேல் உலோகம் வைத்த மூட்டு போட்டார்கள். அவருக்கும் தொடை இடுக்கில் வலி வந்துபோகிறது. அவருக்கும் இதே தசைநாண்தானா?


பிசியோ கவிதா எழுதியது:

அவரை உடனே பார்க்கச் சொல்லுங்கள் அண்ணா. உலோகப் பந்து உலோகக் கிண்ணத்தில் உரசும் மூட்டுகளில் கோபால்ட், குரோமியம் துகள்கள் உதிர்ந்து சுற்றியுள்ள சதையைக் கெடுக்கலாம். அந்த வகையில் ஒரு மூட்டு 2010இல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. அவருக்கு ரத்தத்தில் அந்த உலோகங்களின் அளவையும் எம்ஆர்ஐயும் பார்க்க வேண்டும். தசைநாண் என்று நினைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

பொதுவாகச் சொல்கிறேன்: காய்ச்சல், காயம் கசிவது, சும்மா படுத்திருக்கும்போதும் விடாத வலி, திடீரென்று கால் ஊன்ற முடியாமல் போவது. இவற்றில் எது இருந்தாலும் பயிற்சி, ஊசி என்று போகாமல் அன்றைக்கே மருத்துவமனை.


உட்லண்ட்ஸ் வேணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்ச காலமாக எழுத முடியவில்லை, அதற்குள் நிறைய நடந்துவிட்டது.

பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கி வேறொரு சிறப்பு மருத்துவரைப் பார்த்தோம். கவிதா சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது. கிருமித்தொற்று இல்லை. முதுகில் வயதுக்கேற்ற தேய்மானம் மட்டும். சிடியில் முன் விளிம்பு நீட்சி 5 மில்லிமீட்டர். மருத்துவர் திரையில் அம்மாவுக்கே காட்டினார். அந்த வெள்ளை விளிம்பையும் அதன்மேல் சாம்பல் நிறத்தில் போகும் தசைநாணையும் அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ இது வயசு இல்ல” என்றார்.

பயிற்சி செய்தோம், உண்மையாகவே செய்தோம். வலி கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. ஊசி போட்ட அன்று டாக்சியில் அம்மா காலைத் தானே தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். நான் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். ஓட்டுநர் “ஏறலையா?” என்று கேட்ட பிறகுதான் ஏறினேன். அந்த நிம்மதி ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது, இப்போது வலி மெல்லத் திரும்புகிறது.

துளை வழியாகத் தளர்த்தலாம் என்று மருத்துவர் சொல்கிறார், அம்மாவுக்கும் சம்மதம். ஸ்டீராய்டு போட்ட உடனே அறுவை செய்தால் தொற்று அபாயம் கூடும் என்பதால் சில மாதம் இடைவெளி விட்டு நாள் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கேள்விகள். அறுவை முடிந்து எவ்வளவு நாளில் திருச்சிக்கு விமானம் ஏறலாம்? தம்பி மகள் திருமணம் வருகிறது. இன்னொன்று, பொங்கலுக்குத் தரையில் உட்கார்ந்து கோலம் போட வேண்டும் என்கிறார் அம்மா. முடியுமா?


பிசியோ கவிதா எழுதியது:

5 மில்லிமீட்டர், ஊசிக்கு நல்ல பலன், தொற்று இல்லை. துளைச் சிகிச்சையால் பயன்பெறக்கூடியவர் என்று தைரியமாகச் சொல்லலாம். நல்ல செய்தி வேணி.

விமானத்துக்கு நானாக நாள் சொல்லமாட்டேன். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் முதல் சில வாரங்களில் அதிகம், அம்மாவின் மற்ற நோய்களையும் பார்த்து அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். திருமணத் தேதியை அவரிடம் இப்போதே சொல்லுங்கள், தேவைப்பட்டால் அறுவையைத் திருமணத்துக்குப் பின் தள்ளிவைக்கலாம். இது அவசர அறுவை அல்ல.

தரையில் உட்காருவது தசைநாணைப் பொறுத்த விஷயம் இல்லை, செயற்கை மூட்டைப் பொறுத்தது. தசைநாணைத் தளர்த்திய பிறகும் மூட்டுக்குச் சொன்ன கட்டுப்பாடுகள் அப்படியே இருக்கும். அடி வைத்துக் குந்துவதும் சம்மணம் போடுவதும் வேண்டாம். இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை போட்டு, பெரிய பலகையில் கோலம் போட்டு வாசலில் கொண்டுபோய் வைக்கலாம். எங்கள் நோயாளிகள் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள்.


தோ பாயோ மணிமாறன் எழுதியது:

அளந்து பார்த்தார்களே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. அம்மாவுக்கு எங்கள் வாழ்த்துகள். என் மனைவி பேச வேண்டும் என்கிறாள், எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.


ஜூரோங் சேகர் எழுதியது:

வேணி, முதல் வாரம் கால் தூக்க வராது என்றேனே. அதற்கு ஒரு பட்டை விற்கிறார்கள், நுனியில் வளையம் இருக்கும். பாதத்தை அதில் நுழைத்துக் கையால் இழுத்தால் கால் கட்டிலுக்கு ஏறிவிடும். என்னுடையது சும்மாதான் கிடக்கிறது, துவைத்துத் தருகிறேன். கட்டிலும் ரொம்பத் தாழ்வாக இருந்தால் இப்போதே உயர்த்திவிடுங்கள்.


உட்லண்ட்ஸ் வேணி எழுதியது:

கட்டில் உயரம் போதும் அண்ணா, மூட்டு மாற்றியபோதே உயர்த்திவிட்டோம். பட்டையைக் கண்டிப்பாக வாங்கிக்கொள்கிறேன். சனிக்கிழமை மதியம் ஜூரோங் ஈஸ்ட் எம்ஆர்டி பக்கம் வருவேன். உங்களுக்கு வசதிப்படுமா?